நிழல்தோட்டக் காட்டுப்பூக்கள் (கிழக்கு வட அமெரிக்கா)

கிழக்கு வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகளில், மேப்பிள், பீச், ஓக் முதலிய பெருமரங்களின் அடியில் இயற்கையாக வளர்ந்து பூக்கும் பல்லாண்டுச் சிறுசெடிகள் காட்டுப்பூக்கள் எனப்படுகின்றன. இவற்றுள் பல, வீட்டு மரங்களின் நிழலில் அமைக்கப்படும் நிழல்தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படுகின்றன. டிரில்லியம், குருதிவேர், டிரவுட் லில்லி, ஹெப்பாட்டிக்கா, மேயாப்பிள் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. கனடாவின் தெற்கு ஒன்ராறியோ, தெற்குக் கியூபெக் பகுதிகளில் தொடங்கி, ஐக்கிய அமெரிக்காவின் பேரேரிகள் பகுதி, நியூ இங்கிலாந்து ஆகியவற்றினூடாக அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்முனை வரை இச்செடிகள் பரந்து காணப்படுகின்றன.

இவற்றிற் பெரும்பாலானவை மிக மெதுவாக வளர்பவை. விதை முளைத்து முதற்பூ பூக்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் எடுக்கும் செடிகளும் இவற்றுள் உண்டு. இக்காரணத்தால் காட்டில் இருந்து பிடுங்கப்படும் ஒவ்வொரு செடியும் எளிதில் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும். நிழல்தோட்டம் அமைப்போர் செடியைச் சரியாக இனங்காண்பதும், அது எவ்வாறு பெருக்கப்பட்டது என அறிந்து வாங்குவதும் வளர்ப்பு முறையைப் போலவே முதன்மை வாய்ந்தவை.

வாழ்க்கை முறை

இலையுதிர் காட்டின் தரையில் ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஒளி கிடைப்பதில்லை. பனி உருகிய பின்னர், மரங்கள் இலைவிடுவதற்கு முன்னர், ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிழமைகள் வெயில் நேராகத் தரையில் விழுகின்றது. தெற்கு ஒன்ராறியோவில் இது ஏப்ரல் தொடக்கம் முதல் மே இறுதி வரையான காலம். அதன் பின்னர் இலைக்கூரை மூடிக்கொள்ள, காட்டுத்தரை ஆழ்ந்த நிழலுக்குள் சென்றுவிடுகின்றது. இந்தக் குறுகிய இடைவெளியிலேயே பல காட்டுப்பூக்கள் முளைத்து, பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் நிலத்தடித் தண்டுகளில் சேமித்து விடுகின்றன. டிரவுட் லில்லி, கிளேட்டோனியா, டச்சுக்காரன் காற்சட்டை ஆகியவற்றின் இலைகள் சூன் மாதத்திலேயே மஞ்சளாகி மறைந்துவிடும். ஆண்டின் எஞ்சிய பத்து மாதங்களும் இவை மண்ணுக்கடியில் உறங்குகின்றன. இத்தகைய செடிகளை இளவேனிற் சிறுபொழுதுப் பூக்கள் எனலாம். டிரில்லியம், குருதிவேர் போன்றவை இவ்வளவு விரைவில் மறைவதில்லை. கோடையிலும் சில காலம் இலையோடு நிற்கும்.

விதை பரவும் முறையும் குறிப்பிடத்தக்கது. டிரில்லியம், குருதிவேர், ஹெப்பாட்டிக்கா, காட்டு இஞ்சி முதலியவற்றின் விதைகளில் எலையோசோம் எனப்படும் கொழுப்பு நிறைந்த சிறு சதைப்பற்று ஒட்டியிருக்கும். எறும்புகள் இதற்காகவே விதையைப் புற்றுக்குத் தூக்கிச் செல்கின்றன. சதையைத் தின்றபின் விதையைக் குப்பையோடு போட்டுவிட, அங்கே அது முளைக்கின்றது. எறும்பு ஒரு விதையை எடுத்துச் செல்லும் தொலைவு பெரும்பாலும் சில மீட்டர்களே. எனவே இச்செடிகள் ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்திற்குப் பரவ மிக நீண்ட காலம் எடுக்கும். உழுது பயிரிட்டுப் பின்னர் கைவிடப்பட்ட நிலங்களில் மரங்கள் மீண்டும் ஓங்கி வளர்ந்து நூறாண்டு கடந்த பின்னரும், டிரில்லியமோ ஹெப்பாட்டிக்காவோ இல்லாமல் இருப்பது இதனாலேயே. மரங்களின் விதையைக் காற்றும் பறவைகளும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அவற்றின் அடியில் வளர வேண்டிய பூச்செடிகளோ எறும்பின் நடையை நம்பியிருக்கின்றன.

இனங்காணல்

பூவின் நிறத்தை மட்டும் கொண்டு காட்டுப்பூக்களை இனங்காண முயல்வது பலமுறை தவறாக முடியும். ஒரே செடி வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா எனப் பல நிறங்களில் பூப்பதுண்டு. பூவிதழ்களின் எண்ணிக்கை, இலைகள் தண்டில் அமைந்திருக்கும் முறை, இலைவிளிம்பின் வடிவம் ஆகிய மூன்றையும் முதலிற் பார்ப்பதே நம்பத்தகுந்த முறை. 1977 இல் வெளியான லாரன்சு நியூகோம்பின் காட்டுப்பூ வழிகாட்டி இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது. பூவில்லாத காலத்தில் இலையே துணை. தோட்டக்காரர் ஒருவருக்குப் பூவை அறிவதை விட இலையை அறிவதே கூடுதலாகப் பயன்படும். ஏனெனில் களையெடுக்கும்போது கையில் அகப்படுவது இலைதான்.

டிரில்லியம்

பெயருக்கேற்ப டிரில்லியத்தில் எல்லாம் மும்மூன்றாக அமைந்திருக்கும். இலை மூன்று, புல்லி இதழ் மூன்று, அல்லி இதழ் மூன்று. வெண் டிரில்லியம் (டிரில்லியம் கிராண்டிஃபுளோரம்) மே மாதத்தில் பெரிய வெண்ணிறப் பூக்களைத் தரும். இவை முதிரும்போது மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். இப்பூ 1937 ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்தின் மலராக அறிவிக்கப்பட்டது. மாகாண அரசின் சின்னத்திலும், ஒன்ராறியோவில் வாழும் பிரெஞ்சு மொழியினரின் கொடியிலும் இதனைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் டிரில்லியமும் லிலியேல்சு என்னும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

செந்நிற டிரில்லியம் (டிரில்லியம் எரெக்டம்) கருஞ்சிவப்பு நிறமுடையது. அழுகும் இறைச்சியை ஒத்த நாற்றம் வீசி ஈக்களை ஈர்க்கும். சில வெண் டிரில்லியப் பூக்களில் பச்சை வரிகள் காணப்படும். இது தனி வகை எனக் கருதிச் சிலர் தேடி எடுத்து நடுவர். உண்மையில் அது ஃபைட்டோபிளாசுமா என்னும் நுண்ணுயிரித் தொற்றின் அறிகுறி. அத்தகைய செடியைத் தோட்டத்திற் சேர்ப்பது நன்றன்று.

டிரில்லியத்தின் மூன்று இலைகளும் தாவரவியல் நோக்கில் பூவடிச் செதில்களே. ஆனால் ஒளிச்சேர்க்கை முழுவதும் அவற்றிலேயே நிகழ்கின்றது. பூவை நீண்ட காம்போடு பறிப்பவர் இம்மூன்றையும் சேர்த்தே பறித்துவிடுகிறார். அவ்வாண்டுக்கான உணவு முழுவதையும் இழந்த கிழங்கு மீண்டும் பூக்கச் சில ஆண்டுகள் எடுக்கலாம்; செடி அழிந்துவிடுவதும் உண்டு.

குருதிவேர்

குருதிவேர் (சாங்குயினேரியா கனடென்சிசு) பாப்பி குடும்பத்தைச் சேர்ந்தது. ஏப்ரலில், சுருண்ட ஒற்றை இலை போர்வையைப் போலத் தண்டைச் சுற்றியிருக்க, அதன் நடுவில் இருந்து வெண்மையான பூ எழும். எட்டு முதல் பன்னிரண்டு இதழ்கள் இருக்கும். பூ ஓரிரு நாட்களில் உதிர்ந்துவிடும். மழையோ காற்றோ வந்தால் ஒரே நாளிலும் முடிந்துவிடும். அதன் பின்னரே இலை விரிந்து பெரிதாகும். கிழங்கை முறித்தால் செம்மஞ்சள் நிறச் சாறு வடியும். முதற்குடிமக்கள் இதனைச் சாயமாகப் பயன்படுத்தினர். இச்சாற்றிலுள்ள சாங்குயினரைன் தோலின் திசுக்களை அரிக்க வல்லது. தோற்கட்டிகளுக்கு இதனைப் பூசிக்கொள்வோர் கடும் புண்களுக்கு உள்ளாகியுள்ளனர்.

டிரவுட் லில்லியும் கிளேட்டோனியாவும்

டிரவுட் லில்லியின் (எரித்ரோனியம் அமெரிக்கானம்) இலைகளில் பழுப்பு நிறத் திட்டுக்கள் உள்ளன. டிரவுட் என்னும் ஆற்றுமீனின் உடற்புள்ளிகளை ஒத்திருப்பதால் இப்பெயர். பூக்கும் செடிக்கு இரண்டு இலைகள். பூக்காத செடிக்கு ஓர் இலை. காட்டில் ஆயிரக்கணக்கான ஒற்றை இலைகள் கம்பளம் போல விரிந்திருக்க, அவற்றிடையே ஒருசில மஞ்சட் பூக்களே தலைகுனிந்து நிற்பதைக் காணலாம். இச்செடி பெரும்பாலும் நிலத்தடியில் கிளைத்தே பெருகுகின்றது. தோட்டத்தில் நட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் பூக்கவில்லையென வருந்துவோர் பலர். இது வளர்ப்பவரின் தவறன்று, செடியின் இயல்பு.

கிளேட்டோனியா விரல் நீளமே வளரும். வெண்மை அல்லது இளஞ்சிவப்பு இதழ்களில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். இவை தேனீக்களுக்கு வழிகாட்டும் கோடுகள். புல் போன்ற ஒடுங்கிய இலையிருந்தால் அது கிளேட்டோனியா வர்சினிக்கா. அகன்ற இலையிருந்தால் கிளேட்டோனியா கரோலினியானா. தன் குஞ்சுகளுக்கான மகரந்தத்தைப் பெரும்பாலும் இச்செடியில் இருந்து மட்டுமே திரட்டும் ஆன்ட்ரினா எரிசெனியே என்னும் சிறிய தேனீ இனம் ஒன்றும் உண்டு. கிளேட்டோனியா இல்லாத இடத்தில் அத்தேனீயும் இல்லை.

டச்சுக்காரன் காற்சட்டை

மெல்லிய, நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகளின் மேல், கொடியில் தலைகீழாகக் காயவிட்ட வெண்ணிறக் காற்சட்டைகளைப் போலப் பூக்கள் வரிசையாகத் தொங்குவதால் டைசென்ட்ரா குக்குலாரியாவுக்கு இப்பெயர் ஏற்பட்டது. பூவின் இரு கொம்புகளின் நுனியிலேயே தேன் உள்ளதால், நீண்ட நாக்குடைய வண்டுத்தேனீ அரசிகளே அதனை எட்ட முடியும். இதனோடு சேர்ந்து வளரும் டைசென்ட்ரா கனடென்சிசின் இலைகள் ஏறத்தாழ அவ்வாறே இருக்கும். பூ மட்டும் நெஞ்சக வடிவில் நறுமணத்துடன் இருக்கும். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் மக்காச்சோள மணிகளைப் போல மஞ்சளாக இருப்பதால் அணிற்சோளம் என அழைப்பர்.

காட்டு இஞ்சி

காட்டு இஞ்சி (அசாரம் கனடென்சி) நிழல்தோட்டத்திற்கு மிகப் பொருத்தமான தரைமூடி. நெஞ்சக வடிவ இலைகள் இணையிணையாக எழ, அவற்றின் கீழே, தரையோடு ஒட்டியபடி பழுப்பு நிறக் கிண்ணம் போன்ற ஒரு பூ மறைந்திருக்கும். கிழங்கில் இஞ்சி மணம் வீசுவதால் இப்பெயரே தவிர, இஞ்சிக்கும் இதற்கும் உறவில்லை. இது ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவை அடங்கும் அரிசுட்டோலோக்கியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்திற்கே உரிய அரிசுட்டோலோக்கிக் அமிலம் இதிலும் உண்டு. அது சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். முற்காலத்தில் குடியேறிகள் இதனை இஞ்சிக்கு மாற்றாகப் பயன்படுத்தினர் என்பதை நம்பி இன்று சமையலிற் சேர்ப்பது கேடு தரும்.

மேயாப்பிளும் சாக்கு-இன்-த-புல்பிட்டும்

மேயாப்பிள் (போடோஃபில்லம் பெல்டேட்டம்) சிறிய குடைகளைப் போலக் கூட்டமாக எழும். ஒரு குடை மட்டுமுள்ள தண்டு பூக்காது. இரு குடைகளாகப் பிரியும் தண்டின் கவட்டில் ஒரே ஒரு வெண்பூ தோன்றும். மஞ்சளாக நன்கு பழுத்த பழத்தின் சதையைத் தவிரச் செடி முழுவதும் நச்சுடையது. இதிலுள்ள போடோஃபில்லோடாக்சினை மூலமாகக் கொண்டே எட்டோபோசைடு என்னும் புற்றுநோய் மருந்து உருவாக்கப்பட்டது. இதன் நெருங்கிய உறவான செடி ஒன்று இமயமலையிலும் வளர்கின்றது. மருந்துக்காக அளவின்றி அகழப்பட்டு அங்கு அருகிவிட்டது.

சாக்கு-இன்-த-புல்பிட் (அரிசீமா டிரிஃபில்லம்), சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்பகுதி கூரை போல வளைந்த பாளைக்குள் ஒரு தண்டு நிற்பதைக் காணலாம். மேடையில் நின்று பேசும் மதகுருவைப் போல் தோன்றியதால் இப்பெயரிட்டனர். சேனையைப் போலவே இதன் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட்டு ஊசிகள் உள்ளதால் வாயில் பட்டால் கடுமையாக அரிக்கும். இச்செடி பால் மாறும் இயல்புடையது. இளமையில், அல்லது உணவுச் சேமிப்புக் குறைந்த ஆண்டில் ஆண்பூக்களைத் தாங்கும். கிழங்கு பருத்த பின் பெண்பூக்களைத் தாங்கிச் செந்நிறக் காய்க்குலையை ஈனும். நிறையக் காய்த்துக் களைத்த மறு ஆண்டு மீண்டும் ஆணாகவும் கூடும். ஆண் பாளையின் அடியில் சிறு திறப்பு ஒன்று உண்டு. மகரந்தத்தைச் சுமந்த கொசுகு அதன் வழியே வெளியேறிவிடும். பெண் பாளையில் அத்தகைய வழி இல்லை.

ஒத்த தோற்றமுடைய செடிகள்

தவறான இனங்காணல் உயிருக்கே இடராக முடிவது காட்டுவெங்காயத்தில் தான். அல்லியம் டிரைகோக்கம் எனப்படும் இதன் அகன்ற இலைகளை இளவேனிலில் பலர் உணவுக்காகச் சேகரிக்கின்றனர். பள்ளத்தாக்கு லில்லி எனப்படும் கொன்வலேரியாவின் இலையும், வெராட்ரம் என்னும் செடியின் இளந்தளிரும் பார்வைக்கு இதனை ஒத்திருக்கும். முன்னது இதயத்தைத் தாக்கும் நச்சுடையது. பின்னதும் கொடிய நஞ்சு. கசக்கினால் வெங்காய மணம் வீசுவது காட்டுவெங்காயம் மட்டுமே. ஆயினும் ஒருமுறை கையில் ஏறிய மணம் எளிதில் நீங்காது; அடுத்துப் பறிக்கும் இலையிலும் அதே மணம் இருப்பதாகத் தோன்றும். எனவே ஒவ்வோர் இலையையும் தனித்தனியே அடிவரை பார்க்க வேண்டும். வெராட்ரம் இலைகளில் நீளவாக்கில் ஆழ்ந்த மடிப்புக்கள் இருக்கும். காட்டுவெங்காய இலை வழுவழுப்பானது.

தோட்டங்களில் அடிக்கடி நேரும் குழப்பம் காட்டுப்பாப்பி (சுடைலோஃபோரம் டைஃபில்லம்) பற்றியது. கனடாவில் இது மிக அரிய செடி. ஒன்ராறியோவின் இலண்டன் நகரின் அருகே ஒருசில இடங்களில் மட்டும் இயற்கையாக வளர்கின்றது. இதன் பெயரில் பலர் வளர்ப்பது ஐரோப்பாவில் இருந்து வந்து களையாகிவிட்ட கெலிடோனியம் மாயசு என்னும் செடியை. இரண்டிலும் மஞ்சட் பூ, மஞ்சட் சாறு. காட்டுப்பாப்பியின் பூ ஏறத்தாழ 5 செ.மீ. அகலம், காய் முட்டை வடிவில் மயிரடர்ந்து தொங்கும். களையின் பூ அதிற் பாதிக்கும் குறைவு; காய் மெல்லிய குச்சி போல நிமிர்ந்து நிற்கும்.

சாலமன் முத்திரைக்கும் போலிச் சாலமன் முத்திரைக்கும் இடையிலான வேறுபாடு எளிது. முன்னதில் இலைக்கக்கங்களில் இருந்து சிறுமணிகள் தொங்கும். பின்னதில் தண்டின் நுனியில் வெண்பூக்கள் கொத்தாக இருக்கும்.

தோட்டத்தில் வளர்த்தல்

நிழலைப் பற்றிய பொதுவான தவறான எண்ணம் ஒன்று உண்டு. காட்டுப்பூக்கள் நிழலை விரும்புபவை என்பர். அவற்றுக்கு வேண்டியது இளவேனில் வெயிலும் கோடை நிழலும். எனவே இலையுதிர் மரத்தின் அடியே பொருத்தமானது. ஆண்டு முழுவதும் இருண்டிருக்கும் ஊசியிலை மரத்தின் அடியிலோ, வீட்டின் வடசுவர் ஓரத்திலோ சிறுபொழுதுப் பூக்கள் செழிப்பதில்லை. நகரங்களில் மிகுதியாக நடப்பட்டுள்ள நார்வே மேப்பிள் அடர்ந்த நிழலும் நெருங்கிய மேல்வேர்களும் உடையது. அதன் கீழே எதனை வளர்ப்பதும் கடினம். ஓக், சர்க்கரை மேப்பிள் ஆகியவற்றின் அடி நன்று.

மண்ணைப் பொறுத்தவரை, மக்கிய இலையே அனைத்திற்கும் அடிப்படை. காட்டின் தரை பல ஆண்டு இலைச்சருகால் ஆனது. நீரைத் தேக்கும், ஆனால் சேறாகாது. இலையுதிர்காலத்தில் சருகுகளைக் கூட்டிப் பைகளிற் கட்டித் தெருவோரம் வைக்கும் வழக்கமே நிழல்தோட்டத்திற்கு முதற்பகை எனலாம். அச்சருகைச் சிறிதாக நறுக்கி 5 செ.மீ. அளவுக்குப் பரப்பினால் வேறு எருவே தேவையில்லை. வேதியுரம் இடத் தேவையில்லை. மரத்தின் அடியில் புதுமண்ணைக் குவித்து உயர்த்துவதும், மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவதும் மரத்தின் வேர்களைக் கெடுக்கும். வேர்களுக்கிடையே கையகலக் குழிகளைத் தோண்டிச் சிறிய செடிகளை நடுவதே சரியான முறை.

நடுவதற்கு இலையுதிர்காலம் நன்று. கிழங்குகள் அப்போது உறங்குநிலையில் இருக்கும். டிரில்லியக் கிழங்கை 5 முதல் 10 செ.மீ. ஆழத்திலும், குருதிவேர்க் கிழங்கைக் கிடைவாக்கில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்திலும் புதைக்கலாம். முதல் இரு கோடைகளில் மண் வறண்டுவிடாமல் நீரூற்ற வேண்டும். சிறுபொழுதுப் பூக்கள் சூனில் மறைந்தபின் இடம் வெறுமையாகத் தோன்றும். அங்கே செடி ஏதும் இல்லையென எண்ணி வேறொன்றை நடத் தோண்டி, உறங்கும் கிழங்கை வெட்டிவிடுவது பலருக்கு நேர்வது. இடத்தைக் குறியிட்டு வைப்பதோடு, அருகில் பன்னங்களையும் நெஞ்சக இலை ஆசுட்டரையும் வளர்த்தால் அவை கோடையில் வெற்றிடத்தை மறைக்கும்.

புதியவர்கள் டிரில்லியத்தில் தொடங்குவதை விட, எளிதாக வளர்பவற்றில் தொடங்குவது நன்று. காட்டு இஞ்சி, காட்டு செரேனியம், தியரெல்லா, சாலமன் முத்திரை ஆகியன ஓரிரு ஆண்டுகளில் இடம்பிடித்துவிடும். சிவப்பும் மஞ்சளும் கலந்த காட்டு அக்குலீசியா விதையில் இருந்து இரண்டாம் ஆண்டிலேயே பூத்து, இமிங்குருவிகளை வரவழைக்கும். மேயாப்பிளும் எளிதே, ஆனால் அதற்கு இடம் மிகுதியாக வேண்டும். சைப்ரிபீடியம் போன்ற காட்டு ஆர்க்கிடுகளை மட்டும் ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்தெடுத்த கன்றாக இல்லாவிடில் தொடாமல் விடவேண்டும். மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சைகளோடு இணைந்து வாழ்பவை ஆதலால், காட்டில் இருந்து பெயர்த்து நட்டவை பெரும்பாலும் சில ஆண்டுகளில் இறந்துவிடுகின்றன.

விதையில் இருந்து வளர்த்தல்

எறும்பு பரப்பும் விதைகளை உலரவிடக் கூடாது. உலர்ந்தால் முளைப்புத்திறன் விரைந்து குறையும். குருதிவேர்க் காய்கள் சூனில் வெடிக்கும் தறுவாயில் விதையை எடுத்து அன்றே விதைத்துச் சருகால் மூடவேண்டும். டிரில்லியம் கோடையின் பிற்பகுதியில் பழுக்கும். அதன் விதைக்கு இரட்டை உறக்கம் உண்டு. முதற் குளிர்காலம் கழிந்தபின் மண்ணுக்கடியில் வேர் மட்டும் வெளிவரும். மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது குளிர்காலமும் கழிந்த பின்னரே ஒரு சிறிய இலை தலைகாட்டும். முதல் இளவேனிலில் ஒன்றும் முளைக்கவில்லை எனப் பாத்தியைக் கொத்திவிடுவோர் முளைத்த விதையையே அழிக்கின்றனர். ஒற்றை இலையில் இருந்து மூன்றிலைக்கு வரவும், பின்னர் பூக்கவும் மேலும் பல ஆண்டுகள் செல்லும்.

செடிகளை வாங்குதலும் காட்டு அகழ்வும்

மேற்கூறிய கால அளவே காட்டுப்பூ வணிகத்தின் சிக்கலை விளக்கும். விதையில் இருந்து ஏழாண்டுகள் வளர்த்த டிரில்லியத்தை எந்த நாற்றுப்பண்ணையும் குறைந்த விலைக்கு விற்க இயலாது. பூக்கும் அளவிலான செடி மலிவாகக் கிடைத்தால், அது காட்டில் இருந்து அகழப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். தெற்கு அப்பலாச்சியப் பகுதியில் இவ்வாறு தோண்டி விற்பது நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. விளம்பரச் சொற்களும் மயக்கம் தருபவை. 'பண்ணையில் வளர்ந்தது' என்பது காட்டில் தோண்டிய கிழங்கை ஓராண்டு தொட்டியில் வைத்திருந்ததையும் குறிக்கலாம். 'பண்ணையில் பெருக்கப்பட்டது' என்பதே விதையிலோ பிரித்தலிலோ உண்டாக்கியதைக் குறிக்கும். வாங்குவோர் இதனை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். விற்பவர் விடைகூறத் தயங்கினால் வேறிடம் செல்வதே முறை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வீடோ சாலையோ அமைக்க அழிக்கப்படவிருக்கும் காட்டில் இருந்து, நில உரிமையாளரின் இசைவுடன் செடிகளை மீட்டு வேறிடத்தில் நடுவதைத் தாவர ஆர்வலர் குழுக்கள் பல இடங்களில் செய்து வருகின்றன.

காட்டுத்தரைக்கு நேர்ந்துள்ள இடர்கள்

வெள்ளைவால் மான்களின் பெருக்கம் இவற்றுள் முதன்மையானது. டிரில்லியம் மான்களுக்கு விருப்பமான உணவு. உயரமான செடிகளையே அவை முதலில் மேய்வதால், ஒரு காட்டில் டிரில்லியங்களின் சராசரி உயரம் குறைவதைக் கொண்டு மான்களின் தாக்கத்தை ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். ஐரோப்பியர் உணவுக்காகக் கொண்டுவந்த பூண்டுக்கடுகு (அல்லியாரியா பெட்டியோலேட்டா) வேர்வழி வெளியிடும் வேதிப்பொருட்கள், பிற செடிகளின் வேர்களோடு இணைந்து வாழும் பூஞ்சைகளைப் பாதிக்கின்றன. நிழல்தோட்டத்தில் இதனைப் பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்க வேண்டும்.

மண்புழு பற்றிய செய்தி தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். உழவனின் நண்பன் எனப் பாடநூல்கள் கூறும் மண்புழு, இக்காடுகளில் அழிவுக்குக் காரணமாக உள்ளது. கடைசிப் பனியூழியின் போது பனிப்பாறைகளால் மூடப்பட்டிருந்த வட நிலப்பரப்பில் இயல்பான மண்புழுக்கள் ஏறத்தாழ இல்லாது போயின. அங்கு இன்று உள்ளவை ஐரோப்பாவில் இருந்தும் ஆசியாவில் இருந்தும் மண்ணோடும் செடிகளோடும் வந்தவை. மெதுவாக மக்க வேண்டிய இலைச்சருகை இவை ஒரே பருவத்தில் தின்று தீர்க்க, காட்டுப்பூ விதைகள் முளைக்கும் படுகையே மறைந்துவிடுகின்றது. குறிப்பாக அமின்தாசு இனத்துப் 'தாவும் புழுக்கள்' தொட்டிச் செடிகளின் மண்ணோடு தோட்டங்களுக்குப் பரவுகின்றன. எனவே செடிகளைப் பரிமாறிக் கொள்வோர் மண்ணை முற்றிலும் கழுவி, வெறும் வேரோடு கொடுப்பதை இப்போது வழக்கமாக்கி வருகின்றனர்.

சட்டமும் பொதுத் தோட்டங்களும்

ஒன்ராறியோவில் டிரில்லியத்தைப் பறிப்பது எங்கும் சட்டப்படி குற்றம் என்பது பரவலான நம்பிக்கை. இது முழுமையாகச் சரியன்று. மாகாணப் பூங்காக்கள், பாதுகாப்பு நிலங்கள் போன்றவற்றில் எச்செடியையும் பறிக்கத் தடையுண்டு. அவற்றுக்கு வெளியே டிரில்லியத்திற்கெனப் பொதுத் தடை இல்லை. எனினும் அந்நம்பிக்கை பல தலைமுறைச் சிறுவர்களின் கைகளைத் தடுத்துச் செடியைக் காத்துள்ளது. கியூபெக்கில் காட்டுவெங்காயத்தின் வணிகம் 1995 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சொந்தப் பயனுக்கு ஒருவர் ஆண்டுக்கு 50 கிழங்குகள் வரை எடுக்கலாம்.

காட்டுப்பூக்களை முதலில் நேரிற் கண்டு பழக விரும்புவோருக்குப் பொதுத் தோட்டங்கள் உதவும். மினியாப்பொலிசு நகரின் எலொய்சு பட்லர் காட்டுப்பூத் தோட்டம் 1907 இல் தொடங்கப்பட்டது. மாசச்சூசெட்சு மாநிலத்தின் பிரேமிங்காமில் உள்ள காட்டுத் தோட்டம் 1931 இல் வில் கர்ட்டிசு என்பவரால் உருவாக்கப்பட்டது. அங்குள்ள டிரில்லியத் திரட்டு புகழ்பெற்றது. தமிழர்கள் மிகுதியாக வாழும் ரொறன்ரோவின் ஸ்கார்பரோப் பகுதியை ஒட்டி ரூச் தேசிய நகர்ப்புறப் பூங்கா அமைந்துள்ளது. மே மாதத்தின் முதல் இரு கிழமைகளில் அங்குள்ள காட்டுப்பாதைகளில் டிரில்லியமும் டிரவுட் லில்லியும் பூத்திருப்பதைக் காணலாம். பாதையை விட்டு விலகி நடந்தால், இன்னும் பூக்காத ஒற்றை இலைச் செடிகள் மிதிபடும்.